இசைத்தட்டின் மேல் ஆடும் பொம்மைக்கு விசை எங்கிருந்து வருகிறது?

பழைய கிராமபோன் பெட்டி ஒன்றில் இசைத்தட்டு சுழல்கிறது, பாட்டு கேட்கிறது, தட்டின் நடுவே ஒரு மரப்பொம்மை காலைத் தட்டித் தட்டி ஆடுகிறது. இன்னொரு காணொளியில் ஓர் அட்டைத் தட்டு சுழல, அதில் வரைந்த மீன்கள் ஒரே இடத்தில் நின்றபடி வாலை அசைக்கின்றன. இப்படிப்பட்ட காணொளிகள் கைப்பேசியில் பலருக்கும் வந்து சேர்ந்திருக்கும். பார்த்தவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள். பொம்மைக்குள் பேட்டரி இருக்கிறதா? மீன் அசைவது கணினியில் செய்த வித்தையா? நம் வீட்டுப் பெட்டியிலும் இதை வைக்கலாமா?

முதல் இரண்டுக்கும் பதில் ‘இல்லை’. மூன்றாவதுக்கு அப்படி ஒரு சொல்லில் பதில் கிடையாது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இன்று இரண்டு வகைப் பெட்டிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, தாத்தா காலத்துச் சாவி கொடுக்கும் கிராமபோன். மற்றது, பேரங்காடியில் புதிதாக வாங்கிய டர்ன்டேபிள். இரண்டிலும் தட்டு சுழல்கிறது, ஊசி இருக்கிறது, பாட்டு வருகிறது. ஆனால் பொம்மைக்குக் கொடுக்க அவற்றிடம் மிஞ்சியிருக்கும் விசை ஒரே அளவல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் பொம்மையை வைத்தால் பாட்டு கெடும், சில சமயம் பெட்டியே கெடும்.

தட்டையான தட்டு, நடுவில் ஒரு கம்பி

எடிசன் 1877இல் செய்த ஒலிப்பதிவுக் கருவியில் ஒலி பதிந்தது ஓர் உருளையின் மேல். உருளை படுத்த நிலையில் சுழலும், அதன் மேல் எதையும் நிறுத்த முடியாது. கிராமபோனைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் 1887இல் தட்டை வடிவத்துக்கு மாறியபோது, அவரே எண்ணிப் பார்க்காத ஒரு வசதி உடன் வந்தது: படுக்கையாகச் சுழலும் ஒரு மேடை, அதன் நட்டநடுவில் செங்குத்தாக நிற்கும் ஒரு கம்பி.

கம்பியின் தடிமன் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். அதைச் சுற்றி, பாடல் பெயர் ஒட்டியிருக்கும் காகித வட்டம். ஊசி அந்த வட்டத்துக்கு முன்பே நின்றுவிடும். ஆக, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒரு சின்னப் பொருளை நிறுத்த அங்கே இடம் கிடைக்கிறது. அடி குறுகலாகவும் மேல் அகலமாகவும் இந்தப் பொம்மைகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். பாட்டு முடியும் தறுவாயில் ஊசிக் கை காகித வட்டத்துக்கு அருகில் வரும். அடி அகலமாக இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

சாவி கொடுக்கும் பெட்டியில் மிஞ்சும் விசை

பழைய கிராமபோனில் மின்சாரம் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. ஊசி பள்ளத்தில் ஓடும்போது அதிர்கிறது, அந்த அதிர்வு ஒலிப்பெட்டியில் உள்ள மெல்லிய தகட்டை ஆட்டுகிறது, தகடு காற்றை ஆட்டுகிறது, குழாய் அதைப் பெரிதாக்கி வெளியே விடுகிறது. நாம் கேட்கும் ஒலியின் ஆற்றல் முழுவதும் கையால் முறுக்கிய ஸ்பிரிங்கிலிருந்து வந்ததுதான். பாட்டுக்கும் பொம்மைக்கும் சோறு போடுவது ஒரே ஸ்பிரிங்.

ஊசி அந்த அளவுக்கு வேலை செய்ய வேண்டுமென்றால் பள்ளத்தில் பலமாக அழுந்த வேண்டும். பழைய ஒலிப்பெட்டி இசைத்தட்டின் மேல் 100 கிராமுக்கு மேற்பட்ட எடையை ஏற்றியது. இன்றைய டர்ன்டேபிளின் ஊசி அழுத்துவது சுமார் 2 கிராம். உராய்வின் தன்மை இரண்டிலும் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும், பழைய மோட்டார் ஊசியின் இழுப்பை எதிர்த்துத் தட்டைச் சுழற்ற ஏறக்குறைய 50 மடங்கு விசை செலவழிக்க வேண்டியிருந்தது. அதற்குத் தக்கபடி ஸ்பிரிங்கும் பல்சக்கரங்களும் முரடாகவே செய்யப்பட்டன.

இன்னொரு சிக்கல். முழுதாகச் சாவி கொடுத்த ஸ்பிரிங் பலமாக இழுக்கும், அவிழ அவிழ இழுப்பு குறையும். அப்படியே விட்டால் பாட்டு வேகமாகத் தொடங்கி மெதுவாக முடியும். இதைத் தடுக்கத்தான் பெட்டிக்குள் ஒரு வேகக் கட்டுப்பாடு. மெக்கானிக்குகள் கவர்னர் என்பார்கள். பெட்டியின் மேல்பலகையைக் கழற்றி அதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஒரு மெல்லிய தண்டைச் சுற்றி மூன்று தட்டையான ஸ்பிரிங் பட்டைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் உலோகக் குண்டு. தண்டு சுழலச் சுழலக் குண்டுகள் வெளியே விரிகின்றன. அவை விரியும்போது தண்டில் உள்ள ஒரு வட்டத் தகடு நகர்ந்து, தோல் அல்லது கம்பளித் துண்டு ஒன்றின் மேல் உரசுகிறது. உரசியதும் வேகம் தணிகிறது, குண்டுகள் கொஞ்சம் உள்ளே வருகின்றன, உரசல் குறைகிறது. பாட்டு ஓடும் நேரமெல்லாம் இந்த விரிதலும் சுருங்கலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் நடந்துகொண்டே இருக்கும்.

இதை வேறு விதமாகச் சொன்னால், ஸ்பிரிங் எப்போதும் தேவைக்கு மேல் இழுக்கிறது. மிஞ்சியதை உரசலாக்கி, வெப்பமாக்கி வீணடிப்பதுதான் கவர்னரின் வேலை. நடுக்கம்பியில் பொம்மையை மாட்டினால் தட்டின் மேல் சுமை ஏறும், வேகம் ஒரு நூலளவு குறையும், குண்டுகள் உள்ளே வரும், உரசல் தளரும். வீணாகப் போயிருக்க வேண்டிய விசை பொம்மைக்குப் போகிறது. சுமை மிச்சத்துக்குள் அடங்கும்வரை பாட்டில் பெரிய மாற்றம் தெரியாது.

மிச்சம் தீர்ந்தால்?

1. உரசல் முற்றிலும் நின்றுவிடும். கவர்னரிடம் விட்டுக்கொடுக்க இனி ஒன்றும் இல்லை.
2. தட்டின் வேகம் குறையத் தொடங்கும். பழைய தட்டுகளின் வழக்கமான வேகமான நிமிடத்துக்கு 78 சுற்று என்பது 73½ அளவுக்கு இறங்கினால் பாட்டு அரைச்சுரம் தாழ்ந்துவிடும்.
3. பொம்மை துள்ளும் ஒவ்வொரு நொடியிலும் சுமை கூடிக் குறைவதால், சுருதி தாழ்வதோடு நிற்காமல் ஆடவும் தொடங்கும்.

மூன்றாவது குறையைப் பேச்சுப் பதிவில் யாரும் கவனிக்க மாட்டார்கள். நாதஸ்வரத்தில் ஒரே சுரத்தை நீளமாகப் பிடிக்கும் கார்வையில் உடனே காதில் விழும். பெட்டியைச் சோதிக்க விரும்புபவர் அப்படிப்பட்ட இசைத்தட்டைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் வெப்பத்திலும் ஈரத்திலும் 80, 90 ஆண்டுகள் கிடந்த பெட்டிகளில் இன்னொன்றும் நடந்திருக்கும். ஸ்பிரிங் சுருளுக்கு இடையே பூசிய கிரீஸ் காய்ந்து பிசின் போலாகிவிடும். சுருள் சீராக அவிழாமல் ஒட்டி ஒட்டி விடுபடும்போது ‘தடக்’ என்று ஓர் உதைப்பு கேட்கும். அந்தப் பெட்டியில் பொம்மையும் அதே உதைப்பில் எகிறும். பொம்மையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்பிரிங் டப்பாவைத் தெரிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்து, புதிதாக கிரீஸ் போட வேண்டும். நீங்களே திறக்காதீர்கள். முறுக்கிய ஸ்பிரிங் டப்பாவிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தால் கையைக் கிழித்துவிடும்.

சுழற்சி ஆட்டமாக மாறுவது எப்படி?

தட்டு செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரே திசையில், ஒரே வேகத்தில் சுற்றுகிறது. அதிலிருந்து காலைத் தூக்குவதும் இடுப்பை அசைப்பதும் வர வேண்டுமென்றால் இடையில் ஏதாவது ஓர் உறுப்பு தேவை. அந்த உறுப்பை வைத்து இந்தப் பொம்மைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. கூடவே சுழல்பவை. தட்டோடு தட்டாகச் சுற்றும் ஜோடிப் பொம்மைகள், சின்ன ராட்டினம் போன்றவை. இவற்றுக்கு வழிமுறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. எடை மட்டும்தான் சுமை. ஒருமுறை சுழலத் தொடங்கிவிட்டால் கூடுதல் விசை ஏறக்குறைய வேண்டியதே இல்லை.

2. நின்ற இடத்தில் ஆடுபவை. காணொளியில் பலரையும் வியக்க வைப்பவை இவைதான். நடுக்கம்பியோடு சுழலும் பகுதியில் ஒன்றிரண்டு மேடுகள் இருக்கும். மேடு வரும்போது மேலே உள்ள கம்பியை அல்லது மெல்லிய பலகையைத் தட்டும், கடந்ததும் அது திரும்பத் தாழும். பொம்மையின் கைகால்கள் தளர்ந்த மூட்டுகளில் தொங்கிக்கொண்டிருக்கும். மேட்டின் தட்டல் விழும்போது முழங்கால் ஒரு பக்கம் மடங்குகிறது, பாதம் சற்றுத் தாமதமாகப் பின்தொடர்கிறது, அது வந்து சேர்வதற்குள் அடுத்த தட்டல் விழுந்துவிடுகிறது. அசைவு இயல்பாகத் தெரிவதற்கு இந்தத் தாமதம்தான் காரணம். மூட்டை இறுக்கிவிட்டால் பொம்மை வெறுமனே அதிரும், ஆடாது.

3. படங்கள் அசைபவை. இங்கே எந்த உறுப்பும் நகர்வதில்லை, அசைவு நம் கண்ணில் நடக்கிறது. இவற்றைத் தனியாகப் பார்ப்போம்.

இரண்டாம் வகையில் ஒரு நிபந்தனை உண்டு. அடிப்பகுதி சுழல வேண்டும், மேல்பகுதி சுழலக் கூடாது. உராய்வு மேல்பகுதியையும் இழுத்துச் சுற்றப் பார்க்கும், எனவே அதைப் பிடித்துக்கொள்ள வெளியே ஏதாவது ஒரு பிடிமானம் தேவை: பெட்டியின் விளிம்பில் முட்டும் ஒரு கம்பி, அல்லது பக்கத்தில் நிற்கும் தாங்கி. விற்பனைக்கு வரும் பழைய பொம்மைகளில் அடிக்கடி தொலைந்துபோயிருப்பது இந்தப் பிடிமானக் கம்பிதான். அது இல்லாமல் வாங்கினால், பொம்மை ஆடாது, தட்டோடு சேர்ந்து வெறுமனே சுற்றும்.

பொம்மை தாளத்துக்குத்தான் ஆடுகிறதா?

இல்லை. பொம்மைக்குப் பாட்டு கேட்பதில்லை, தட்டின் வேகம் மட்டும்தான் தெரியும். 78 சுற்று வேகத்தில் இரண்டு மேடுகள் என்றால் நிமிடத்துக்கு 156 தட்டல். அதே பொம்மையை நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் வைத்தால் 67 தட்டல்கூட வராது, சோம்பலாக அசையும். பாட்டு ஆதியோ ரூபகமோ, விளம்பமோ துரிதமோ, தட்டும் எண்ணிக்கை மாறவே மாறாது. பாட்டின் வேகம் தற்செயலாக 78க்கோ 156க்கோ அருகில் அமைந்தால் அச்சாகப் பொருந்தியது போலிருக்கும். அப்படி அமையாதபோதும், காதில் விழும் தாளத்தோடு கண்ணில் படும் துள்ளலைச் சேர்த்து வைத்துப் பார்ப்பது நம் மனத்தின் இயல்பு. அவ்வப்போது சேரும் அடிகளை மனம் பிடித்துக்கொள்கிறது, சேராதவற்றை விட்டுவிடுகிறது.

யார் செய்தார்கள், யாரைச் செய்தார்கள்?

நின்ற இடத்தில் ஆடும் பொம்மைகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரவலாயின. பாஸ்டனில் இருந்த ஒரு நிறுவனம் 1910களில் ‘ராக்டைம் ராஸ்டஸ்’ என்ற மரப்பொம்மையை விற்றது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் விஞ்செண்டன் ஊரில் இருந்த கன்வர்ஸ் நிறுவனம் ‘சியாம் சூ’ என்ற நடன மங்கைப் பொம்மையைச் செய்தது. அந்த ஊருக்கு ‘பொம்மை நகரம்’ என்றே பெயர்.

இந்த இரண்டையும் வெறும் வேடிக்கைப் பொருளாக அறிமுகப்படுத்துவது சரியல்ல. ‘ராஸ்டஸ்’ என்பது அக்கால அமெரிக்காவில் கறுப்பின ஆண்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட பெயர். பொம்மையின் முகமும் உடையும் அதே இழிவைத்தான் காட்டின. பொறிமுறை கெட்டிக்காரத்தனமானது, அதன் மேல் ஏற்றிய உருவம் கேவலமானது. காணொளிகளில் இந்த வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை, குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பொம்மையைக் காட்டுபவர் அது யாரைக் கேலி செய்ய உருவானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

‘சியாம் சூ’வின் கதை பினாங்குக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது. பூலாவ் திக்குஸ் பகுதியில் சியாமியக் கோவில் இருக்கிறது, பினாங்கிலும் கெடாவிலும் கிளந்தானிலும் சியாமியச் சமூகங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அவர்களின் நடன நாடகமான மெனோரா ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களுக்கு அதில் விரல் வளைவும் மணிக்கட்டின் திருப்பமும் எவ்வளவு நிதானமானவை என்று தெரியும். நடுக்கம்பியின் மேல் தோளையும் இடுப்பையும் வெடுக்கென்று ஆட்டும் பொம்மைக்கும் அந்த ஆட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சியாமைப் பார்க்காதவர்களுக்காக, சியாமைப் பார்க்காதவர்கள் செய்த பொம்மை அது.

நம் பக்கத்தில் கிராமபோன் இதே காலத்தில்தான் வேரூன்றியது. கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் 1903இல் சிங்கப்பூரில் மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்தார். அதே கம்பெனி 1908இல் கல்கத்தாவில் தொழிற்சாலை திறந்தது. தட்டின் முக்கிய மூலப்பொருளான அரக்கு பெருமளவு இந்தியாவிலிருந்தே கிடைத்தது என்பதும் அதற்கு வசதியாக அமைந்தது. அந்த அரக்குத் தட்டில் கல்பொடி போன்ற கடினமான தூளும் கலந்திருக்கும். எஃகு ஊசி அதில் உரசித் தேய்ந்து பள்ளத்தின் வடிவுக்கு வந்துவிடும், அதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசி மாற்றச் சொன்னார்கள். பின்னாளைய வினைல் (பிளாஸ்டிக்) தட்டைச் சாவி கொடுக்கும் பெட்டியில் போடவே கூடாது. 100 கிராம் எடையோடு எஃகு ஊசி ஒருமுறை ஓடினாலே அதன் பள்ளம் பாழாகிவிடும்.

படங்கள் அசையும் தட்டு

இப்போது மீன்களுக்கு வருவோம். சுழலும் தட்டில் அடுத்தடுத்துச் சிறு மாற்றங்களோடு படங்களை வரைந்து வைத்தால், வெறும் கண்ணுக்கு ஒரு மங்கலான வளையம்தான் தெரியும். ஒவ்வொரு படத்தையும் ஒரு கணம் மட்டும் காட்டி, அடுத்த படம் அதே இடத்துக்கு வரும்வரை மறைத்துவிட்டால்தான் அசைவு தெரியும். மறைப்பதற்குப் பல வழிகள் உண்டு: இடுக்கு வழியாகப் பார்ப்பது, கண்ணாடியில் பார்ப்பது, விட்டு விட்டு ஒளிரும் விளக்கில் பார்ப்பது, கேமராவில் பார்ப்பது.

கண்ணாடி வழியைக் கண்டுபிடித்தவர் பிரான்சின் எமில் ரேனோ. ஆண்டு 1877, எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியும் அதே ஆண்டில்தான் பிறந்தது. இரண்டையும் ஒரே தட்டில் சேர்த்த புகழ்பெற்ற முயற்சி 1956இல் அமெரிக்காவில் வந்த ‘ரெட் ரேவன்’ குழந்தைப் பாடல் தட்டுகள். தட்டின் நடுப்பகுதியில் 16 படங்கள், நடுக்கம்பியில் 16 பக்கங்கள் கொண்ட கண்ணாடிக் கோபுரம். 78 சுற்று வேகம் என்றால் நொடிக்கு 1.3 சுற்று, அதாவது நொடிக்கு 20.8 படங்கள். சினிமாவின் 24க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, அசைவு வழவழப்பாக இருந்திருக்கும். அதே தட்டு 33⅓ வேகத்தில் ஓடினால் நொடிக்கு 9 படம்கூடத் தேறாது, வெட்டி வெட்டி நகரும்.

இன்று கைப்பேசியில் நாம் பார்ப்பது நான்காவது வழி. பிரிட்டனைச் சேர்ந்த ஜிம் லே ஃபெவர் இதற்கு ஃபோனோட்ரோப் என்று பெயர் வைத்துப் பரவலாக்கினார். கணினி வித்தை எதுவும் இல்லை, வகுத்தல் கணக்கு மட்டும்தான்:

1. கேமரா நொடிக்கு எத்தனை படம் எடுக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் 30, சிலவற்றில் 25ஐயும் தேர்ந்தெடுக்கலாம்.
2. தட்டு நொடிக்கு எத்தனை சுற்று என்று கணக்கிடுங்கள். 45 வேகம் என்றால் 0.75 சுற்று.
3. முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 30ஐ 0.75ஆல் வகுத்தால் 40. தட்டில் வரைய வேண்டிய படங்கள் 40, ஒவ்வொன்றுக்கும் சரியாக 9 பாகை.

25 படக் கேமராவும் 33⅓ வேகமும் சேர்ந்தால் 45 படங்கள், ஒவ்வொன்றும் 8 பாகை. 30 படக் கேமராவும் 33⅓ வேகமும் என்றால் 54 படங்கள். அதில் 6⅔ பாகை என்று வரும், பாகைமானியில் குறிப்பது தொல்லை. தமிழ்ப்பள்ளியில் இதைச் செய்துபார்க்க நினைக்கும் ஆசிரியர் 40 படக் கணக்கை எடுத்துக்கொள்வது நல்லது.

40க்குப் பதிலாக 41 படம் வரைந்தால் தவறா? தவறே இல்லை, அதுவும் ஓர் உத்தி. படங்களின் இடைவெளி 8.78 பாகை, தட்டு நகர்வதோ 9 பாகை. ஆகவே மீன்கள் வாலை ஆட்டுவதோடு, தட்டு சுழலும் திசையில் மெல்ல நீந்தவும் செய்யும். 39 வரைந்தால் எதிர்த்திசையில் போகும். வெளிவட்டத்தில் 41, உள்வட்டத்தில் 39 என்று வரைந்தால் இரண்டு கூட்டங்களும் ஒன்றையொன்று கடந்து போகும். கோலம் போடத் தெரிந்த கைகளுக்கு இந்தத் தட்டு மிக நன்றாக வசப்படும். வட்டத்தைச் சமமாகப் பிரித்து ஒரே உருவத்தைச் சின்னச் சின்ன மாற்றத்தோடு சுற்றிலும் போடுவது அவர்களுக்குப் பழக்கமான வேலை.

பலரும் தோற்பது ஒளியில். 45 வேகத்தில் நடுவிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு புள்ளி, கேமரா ஒரு படம் எடுக்கும் 1/30 நொடிக்குள் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு முழுப் படத்தின் அகலம் அது. கேமராவின் திறப்பு நேரத்தை 1/1000 நொடிக்குக் குறைத்தால் நகர்வு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், படம் தெளிவாக விழும். ஆனால் திறப்பு நேரம் குறையும்போது உள்ளே வரும் ஒளியும் குறையும். வீட்டு விளக்கு போதாது, பகல் வெயில் விழும் இடத்தில் வைத்து எடுக்க வேண்டும். கேமராவுக்குப் பதிலாக வேகமாக விட்டு விட்டு ஒளிரும் விளக்கில் மாணவர்களுக்கு நேரடியாகக் காட்ட நினைத்தால், வலிப்பு நோய் உள்ள பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டே ஆக வேண்டும். நொடிக்கு 15 முதல் 25 முறை ஒளிரும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

புதிய டர்ன்டேபிள் தாங்குமா?

இந்தப் பகுதியில்தான் பலரும் காசை இழக்கிறார்கள். இன்றைய மோட்டார் 2 கிராம் ஊசியை இழுக்கச் செய்யப்பட்டது. பெட்டியின் வகையைப் பொறுத்து விளைவு மாறும்.

1. பெல்ட் ஓட்டும் டர்ன்டேபிள். மெல்லிய ரப்பர் பெல்ட் வழியாக மோட்டார் தட்டைச் சுழற்றுகிறது. துள்ளும் பொம்மையை வைத்தால் பெல்ட் ஒவ்வொரு தட்டலுக்கும் கொஞ்சம் நீண்டு சுருங்கும், சில சமயம் வழுக்கும். சுருதி ஆட்டம் நிச்சயம். படத்தட்டு மட்டும் வைக்கலாம், அட்டைக்கு எடையே இல்லை.

2. சூட்கேஸ் வடிவப் பெட்டிகள். இலேசான பிளாஸ்டிக் தட்டு, பொடி மோட்டார். இதில் கூடவே சுழலும் சின்னப் பொம்மைகூடப் பாரமாகிவிடும். பாட்டில்லாமல் படத்தட்டைச் சுழற்றலாம், அதற்கு மேல் வேண்டாம்.

3. நேரடி மோட்டார் கொண்டவை. தட்டின் அச்சே மோட்டாரின் அச்சு. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. 1979இல் வந்தது, தொடக்க முறுக்கு விசை 1.5 கிலோகிராம்-சென்டிமீட்டர். மேட்டில் ஏறும்போது மோட்டார்சைக்கிள்காரர் கைப்பிடியை முறுக்குவதுபோல, சுமை ஏறினால் மின்சுற்று தானாகவே கூடுதல் மின்னோட்டம் கொடுத்து வேகத்தை நிலைநிறுத்தும். புதியவற்றில் பொம்மையைத் தாங்கக்கூடியது இந்த வகைதான்.

எந்த வகையானாலும் காந்தம் வைத்த பொம்மை மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய கிராமபோனில் காந்தத்தால் கெடுதல் இல்லை, ஏனென்றால் அங்கே ஒலி உருவாவது வெறும் அதிர்வால். புதிய பெட்டிகள் பலவற்றில் ஊசியின் தலைப்பகுதியில் அதிர்வை மின்சாரமாக்குவது ஒரு நுண்ணிய காந்தமும் கம்பிச் சுருளும்தான். பொம்மையின் காந்தம் அதை நெருங்கினால் இரைச்சல் வரும், ஊசிக் கையையே பக்கவாட்டில் இழுத்துவிடவும் கூடும்.

50 ஹெர்ட்ஸ் சிக்கல்

அமெரிக்காவிலிருந்து வரவழைத்த பழைய மின்சாரப் பெட்டிகள் இங்கே விற்பனைக்கு வருகின்றன. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், மலேசியாவில் 50. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் இறங்கும், ஹெர்ட்ஸ் மாறாது. மின்சாரத்தின் அலைவை நம்பி ஓடும் பழைய மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும்: 78 என்பது 65 ஆகும், 33⅓ என்பது 27.8 ஆகும். 5 கட்டையில் பாடியவர் 3 கட்டையில் பாடுவதாகக் கேட்கும். பொம்மையின் துள்ளலும் அதே அளவுக்குத் தளர்ந்துபோகும், படத்தட்டின் கணக்கு முற்றிலும் தவறிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு காகிதத் தட்டு போதும். நம் மின்சாரத்தில் பழைய குண்டு பல்பு நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து ஒளிர்கிறது. 33⅓ வேகத்துக்கு 180 கோடுகள், 78 வேகத்துக்கு 77 கோடுகள் என்று வட்டமாக அச்சிட்டுத் தட்டின் மேல் வையுங்கள். வேகம் சரியென்றால் கோடுகள் நின்றது போலிருக்கும், குறைவென்றால் பின்னால் நழுவும். மீன் படத்தட்டும் இந்தக் கோட்டுத் தட்டும் வேலை செய்வது ஒரே விதியில். எல்இடி விளக்கில் பெரும்பாலும் இது தெரியாது, குண்டு பல்பு தேடிப் பிடிக்க வேண்டும்.

தட்டு நிற்க, வண்டி ஓடினால்?

இதே குடும்பத்தில் தலைகீழான ஒன்று உண்டு. இசைத்தட்டை மேசையில் அசையாமல் வைத்து, அதன் மேல் ஒரு குட்டி வேனை விட்டால், அது பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பாட்டைப் பாடும். ஜப்பானில் தோன்றிய பொம்மை. வேனின் அடியில் ஊசி, உள்ளே பேட்டரி, மோட்டார், சின்ன ஒலிபெருக்கி. விற்பனையில் இதற்கு ‘வினைல் கில்லர்’ என்ற பெயரும் உண்டு, பெயருக்கு ஏற்ற பொம்மைதான். திரும்பக் கிடைக்காத பழைய தமிழ்த் தட்டுகளை இதன் அடியில் வைக்காதீர்கள். கீறல் விழுந்து ஓரமாகக் கிடக்கும் தட்டு ஒன்றில் ஓட்டிப் பார்க்கலாம்.

லோரோங் கூலிட்டிலோ அம்கார்ப்பிலோ வாங்கும்போது

பினாங்கில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை, தலைநகரை ஒட்டி பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தை. இந்த இரண்டு இடங்களிலும் பழைய பெட்டிகளையும் இசைத்தட்டுகளையும் தேடிப் போகிறவர்கள் உண்டு. பொம்மைக்காகப் பெட்டி வாங்குபவர் பார்க்க வேண்டியவை கொஞ்சம் வேறு.

1. முழுதாகச் சாவி கொடுத்து, ஒரு 78 தட்டைக் கடைசிவரை ஓடவிடுங்கள். 10 அங்குலத் தட்டு சுமார் 3 நிமிடம் ஓடும். முடிவதற்குள் சுருதி இறங்கினால் அந்த ஸ்பிரிங்கிடம் பொம்மைக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

2. தட்டு சுழலும்போது அதன் விளிம்பை விரல் நுனியால் மெல்லத் தொட்டுவிட்டு எடுங்கள். உடனே பழைய வேகத்துக்கு வந்தால் கவர்னர் நன்றாக இருக்கிறது. தடுமாறி வந்தால் குண்டுகளைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். ஓடும்போது கேட்கும் ‘கிர்ர்’ சத்தமும் அதற்கு அடையாளம்.

3. நடுக்கம்பி நேராக இருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பாட்டுக்குப் பாதகமில்லை, பொம்மை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் தலைசாயும்.

4. பொம்மையும் சேர்த்து விற்றால் மூட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். பழையது என்று சொல்லி விற்பதில் ஆணிகள் பளபளவென்று புதிதாக இருந்தால், கைகால்கள் மாற்றப்பட்டவை அல்லது பொம்மையே அண்மையில் செய்தது. புதிதாகச் செய்ததை வாங்குவதில் குறையொன்றுமில்லை, ஆனால் பழம்பொருள் விலை கொடுக்க வேண்டியதில்லை. பிடிமானக் கம்பி இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால், உங்கள் பெட்டியின் விளிம்பு அளவை எடுத்துக்கொண்டு போய் ஒரு பட்டறையில் வளைத்து வாங்கிக்கொள்ளலாம்.